யாருடன், எப்போது, எவ்வளவு நேரம்: குடும்பம், அலர், கண்காணிப்பு

2021 ஜனவரியில் என் நண்பர்கள் பலர் ஒரே வாரத்தில் வாட்ஸப்பை விட்டு வெளியேறினார்கள். தனியுரிமைக் கொள்கையை மாற்றுகிறோம், பேஸ்புக் குழும நிறுவனங்களோடு தகவல் பகிர்வதற்கு ஒப்புக்கொள்ளாதவர்கள் இனித் தொடர முடியாது என்று அந்தக் கம்பெனி அறிவித்திருந்த சமயம். சிக்னலுக்குப் போகிறேன், டெலிகிராமுக்குப் போகிறேன் என்று ஆளுக்கொரு பிரகடனம் எழுதினார்கள். (பிரகடனங்களை வாட்ஸப்பில்தான் அனுப்பினார்கள் என்பதைக் குத்திக்காட்ட விரும்பவில்லை.) ஐந்தாறு மாதத்தில் அநேகமாக எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். என்ன தோழர் என்று கேட்டால், முகாம் வேறுபாடின்றி ஒரே பதில்: 'என்ன பண்றது, அம்மா அதிலதான இருக்காங்க.'

இந்த வாக்கியத்தை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. இதற்குள் ஒரு தராசு இருக்கிறது. ஒரு தட்டில் அந்தரங்கம், இன்னொரு தட்டில் குடும்பம். முன்னதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பின்னதைப் பெற்றுக்கொள்கிறோம் என்பது கணக்கு. இதில் கம்பெனி திருடன், அரசு வேவுக்காரன். குடும்பம் மட்டும் வெள்ளந்தியாக, விலைமதிப்பற்றதாக, கேள்விக்கு அப்பால் நிற்கிறது. அரசு பற்றிப் பேசும்போது குடும்பத்தையும் கருத்தியல் எந்திரங்களின் பட்டியலில் வைத்த அல்தூஸரைப் படித்தவர்களும், 'பெண் ஏன் அடிமையானாள்?' படித்தவர்களும் இந்தக் கணக்கைக் கூசாமல் போடுகிறார்கள். தராசே பழுது என்பது என் தரப்பு. அந்தரங்கத்தை முதலில் கேட்டு வாங்குவது குடும்பம்தான். கம்பெனியும் அரசும் பிறகு வந்து, அதே கேள்வியைக் கேட்கின்றன.

எங்கள் பக்கத்து ஊர்களில் 'அந்தரங்கம்' என்ற சொல் புழக்கத்தில் இல்லை. பத்திரிகைகளில் கேள்வி-பதில் பகுதிக்குப் பெயராகத்தான் அது எனக்கு முதலில் தெரியும். புழங்கும் சொல் 'ஒளிவுமறைவு'. அது உரிமையின் பெயரல்ல, குற்றத்தின் பெயர். 'நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு?' என்ற வாக்கியத்தை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். மாமியார் மருமகளிடம், அண்ணன் தங்கச்சியிடம், புருஷன் பெண்டாட்டியிடம். எதிர்த்திசையில் இந்த வாக்கியம் போவதை நான் கேட்டதில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது நாம் கொண்டாடினோம், சரிதான். ஆதாரை எதிர்த்துத் தொடங்கிய வழக்கு அது. ஆனால் அந்தத் தீர்ப்புக்குள்ளேயே பெண்ணிய விமர்சனம் பற்றி ஒரு பகுதி உண்டு. அந்தரங்கம் என்பது வீட்டுக்குள் நடக்கும் ஆணாதிக்கத்தை மூடும் போர்வையாகிவிடக்கூடாது என்கிறது அது. கொண்டாடியவர்கள் இந்தப் பகுதியைப் பேசியதாக நினைவில்லை.

என் விஷயத்தைச் சொல்லாமல் இதற்கு மேல் எழுதுவது நேர்மையாகாது. எங்கள் வீட்டார் குழுவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், ஊர். காலை வணக்கப் பூங்கொத்து, காதுகுத்துப் பத்திரிகை, முட்டுவலிக்கு முடக்கத்தான் கீரை, நடுவில் எங்கள் சாதிச் சங்கத் தலைவரின் பிறந்தநாள் சுவரொட்டி. நான் அதில் வாய்திறக்காத உறுப்பினர். வாய்திறக்காவிட்டாலும் நான் எப்போது விழித்திருக்கிறேன் என்பது தெரியும். 'ராத்திரி ரெண்டு மணிக்கு லைன்ல இருந்தியே பாப்பா, ஒடம்பு சரியில்லையா?' என்று சித்தப்பா ஒருநாள் கேட்டார். அக்கறைதான். அதை மறுக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு கடைசியாகப் பார்த்த நேரத்தை மறைத்து வைத்தேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: எதுக்கு மறைச்சு வச்சிருக்க?

2022இல் மதுரையில் ஒரு நூல் விமர்சனக் கூட்டத்தில் பேசினேன். யாரோ படமெடுத்து ஓர் இலக்கியக் குழுவில் போட்டார்கள். அங்கிருந்து பெரியப்பா மகன் எடுத்து வீட்டார் குழுவில், 'நம்ம பாப்பா மைக்ல பேசுது பாருங்க' என்று பெருமையாகப் போட்டுவிட்டான். படத்தில் நான், மைக், பின்னால் பேனர். பக்கத்து நாற்காலியில் ஒரு சிவப்பு ஹெல்மெட், அதில் ஒரு தொழிற்சங்க ஸ்டிக்கர். இரண்டு மாதத்துக்கு முன்னால் நானே போட்டிருந்த தேநீர்க் கடைப் படமொன்றில், மேசை ஓரத்தில் அதே ஹெல்மெட் இருந்திருக்கிறது. சித்தி பார்த்துவிட்டார். கூட்டத்தில் என்ன பேசினாய் என்று அந்த நாற்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை. 'அந்த ஹெல்மெட்டு யாரோடது?' ஒரே கேள்வி. அது யாருடையது, அவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு நான்கு நாள் போதுமாக இருந்தது. எங்கள் ஊரில் தெரு என்றால் சாதி. இதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எம்.ஏ. வகுப்பில் நெடுநல்வாடையை எனக்குப் பாடமாக நடத்தினார்கள். 188 அடிகளில் வாடைக்காற்று, கூதிர்காலம், அரண்மனைக் கட்டிலில் பிரிவால் வாடும் தலைவி, பிறகு பாசறை, நள்ளிரவில் புண்பட்ட வீரர்களைப் பார்க்க வரும் அரசன். எங்கும் பெயர் இல்லை. படித்தால் அகப்பாட்டுதான். ஆனால் அரசனுடன் செல்பவன் கையிலிருக்கும் வேலில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. ஆகவே இந்தத் தலைவன் இன்னான் என்று சுட்டப்பட்டுவிட்டான், ஆகவே இது அகமாகாது, புறம் என்று முடிவுகட்டுகிறார் நச்சினார்க்கினியர். அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் சொல்லாவிட்டாலும் ஓர் இலை பெயரைச் சொல்லிவிடும் என்பது நச்சினார்க்கினியர் கண்டது. தேர்வில் இதற்குப் பத்து மதிப்பெண். அந்த ஹெல்மெட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

தரவு பற்றிய தரவு, மெட்டாடேட்டா என்கிறார்களே, அது இந்த வேம்புதான். செய்தியின் உள்ளடக்கத்தை யாரும் படிக்க முடியாது என்று 2016 ஏப்ரல் முதல் வாட்ஸப் சொல்லிவருகிறது. முழுச் சங்கேதமாக்கம் நடந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில்தான், பயனரின் எண் முதலிய தகவல்களைப் பேஸ்புக்குடன் பகிர்ந்துகொள்ளத் தொடங்குவதாகவும் அது அறிவித்தது. 2014இல் 1,900 கோடி டாலர் என்று விலைபேசி வாங்கப்பட்ட ஒன்று, நாம் அம்மாவிடம் என்ன பேசுகிறோம் என்று கேட்பதற்காக வாங்கப்படவில்லை. யாருடன், எப்போது, எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எந்த ஊரிலிருந்து. இவை தெரிந்தால் போதும், பேச்சு தேவையில்லை. இப்போது வீட்டார் கேட்கும் கேள்விகளை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். 'இந்நேரத்துக்கு யார்கூடப் பேச்சு?' 'மணிக்கணக்கா அப்படி என்ன?' 'அடிக்கடி ஒரே நம்பர் வருதே?' இவர்களும் உள்ளடக்கத்தைக் கேட்பதில்லை. 'அப்படி என்ன' என்பது பதிலை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வியே இல்லை. குடும்பமும் கம்பெனியும் ஒரே பதிவேட்டைத்தான் வாசிக்கின்றன. ஒன்று விளம்பரம் விற்பதற்காக, இன்னொன்று அகமணத்தைக் காப்பதற்காக.

அகமணம் என்று சும்மா சொல்லவில்லை. சாதியின் சாரம் அகமணமே என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் படித்த கட்டுரையில் நிறுவினார். அகமணம் தானாக நிற்காது. ஒவ்வொரு தலைமுறையிலும், ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு பெண்ணையும் காவல்காத்து நிறுத்தப்படுவது. 2019 ஜூலையில் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் தாகோர் சமூகத்தார் பன்னிரண்டு கிராமங்களில் போட்ட தீர்மானத்தைப் பாருங்கள்: மணமாகாத பெண்கள் அலைபேசி வைத்திருக்கக்கூடாது, சாதிமாறி மணந்தால் அபராதம். இரண்டும் ஒரே தீர்மானத்தில். நம் கோட்பாட்டாளர்கள் தனித்தனிக் கட்டுரையாக எழுதுவதை அந்த ஊர்ப் பெரியவர்கள் ஒரே தாளில் எழுதிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பெயர் சுட்டாமை பற்றிச் சொன்னவுடன், 'பார்த்தீர்களா, அந்தரங்க உரிமையை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டவன் தமிழன்' என்று கிளம்பும் நண்பர்கள் உண்டு. வேண்டாம். அகப்பாட்டில் எங்கே தனிமை இருக்கிறது? செவிலி பார்க்கிறாள், நற்றாய் பார்க்கிறாள், ஊர்ப் பெண்டிர் பார்க்கிறார்கள். முணுமுணுப்பாக இருக்கும்போது அம்பல், ஊரறிந்தால் அலர். சந்தேகம் வந்துவிட்டால் இற்செறிப்பு, அதாவது பெண்ணை வீட்டுக்குள் அடைப்பது. இன்றைக்கு அலைபேசியைப் பிடுங்கி வைப்பதற்கு இதைவிட நல்ல கலைச்சொல் கிடையாது. பெயர் சொல்லாமை உரிமையல்ல. கண்கள் நிறைந்த ஊரில் பேசுவதற்குக் கண்ட உத்தி. அந்த உத்தியும் எல்லோருக்கும் இல்லை. அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளையிலும் பெருந்திணையிலும் நிறுத்தியதாகத்தான் உரைகள் விளக்குகின்றன. ஏவல் செய்பவருக்கு அகம் இல்லை. இதை மறைத்துவிட்டுச் சங்ககால அந்தரங்கம் பேசுவது பம்மாத்து.

தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகள் ஃபூக்கோவைப் பேசத் தொடங்கியபோது பெந்தாமின் வட்டச்சிறையும் கூடவே வந்தது. நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள், கோபுரத்தில் ஆள் இருக்கிறானா என்பது கைதிக்குத் தெரியாது, ஆகவே கைதி தன்னைத்தானே கண்காணித்துக்கொள்கிறான். அன்றிலிருந்து இன்றுவரை கண்காணிப்பு என்றாலே அந்தக் கோபுரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். கம்பெனிக்கும் அரசுக்கும் அது பொருந்தலாம். குடும்பக் குழுவுக்குப் பொருந்தாது. வட்டச்சிறையில் ஒரு கைதி இன்னொரு கைதியைப் பார்க்க முடியாது. இங்கே எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள். இது கோபுரமல்ல, திண்ணை. திண்ணையில் இருப்பவருக்கு நம்மேல் பாசம் உண்டு. பிரசவத்துக்கு ரத்தம் கொடுத்தவர், பீஸ் கட்டியவர், பஸ் ஏற்றிவிட வந்தவர். அதனால்தான் கோபுரத்தை வெறுக்க முடிகிறமாதிரி திண்ணையை வெறுக்க முடியவில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரியாத கோட்பாடு எனக்கு உதவாது.

சம்மதம் என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். கொள்கையைப் படித்தேன், சம்மதிக்கிறேன் என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோம். யாருக்காகச் சம்மதிக்கிறோம்? கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018இல் வெளிவந்தபோது பேஸ்புக் கொடுத்த கணக்கு இது: அந்தச் செயலியை நிறுவிய இந்தியர்கள் 335 பேர். தகவல் போயிருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,455 பேர். மிச்சப்பேர் அந்த 335 பேரின் நட்பு வட்டத்தில் இருந்தவர்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். உறவினர் ஒருவர் தன் அலைபேசியின் எண் பட்டியலை ஒப்படைக்கும்போது, ஒருபோதும் வாட்ஸப்பில் சேராதவரின் எண்ணும் சேர்ந்தேதான் போகிறது. அந்தரங்கம் தனிமனிதரின் சொத்து, அதை விற்பதும் காப்பதும் அவர் இஷ்டம் என்கிற தாராளவாதச் சொல்லாடல் இங்கே உடைந்துபோகிறது. என் அந்தரங்கம் என் சித்தப்பா மகனின் கையில் இருக்கிறது. அவனுடையது என் கையில். ஆகவே 'நான் வெளியேறிவிட்டேன்' என்று ஒருவர் அறிவிப்பதில் பொருளில்லை. அவரைப் பற்றி ஊர் பேசுவதற்கு அவர் ஊரில் இருக்க வேண்டிய அவசியம் எப்போது இருந்தது?

சட்டம் என்ன செய்கிறது? 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, படிப்படியாக நடைமுறைக்கு வரவேண்டியவை. இந்தச் சட்டத்தில் இரண்டு வாசல்கள் திறந்து கிடக்கின்றன. ஒன்று எல்லோரும் பேசியது: அரசு தன் அமைப்புகளில் எதை வேண்டுமானாலும், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி, இச்சட்டத்திலிருந்து விலக்கிக்கொள்ளலாம். (தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவையும் போகிறபோக்கில் இதே சட்டம் அரித்திருக்கிறது. அதிகாரியின் சொத்து விவரம் கேட்டால் அவருக்கு அந்தரங்கம் உண்டாம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) இன்னொரு வாசலை யாரும் பேசவில்லை. ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுக்குச் சட்டம் பொருந்தாது என்கிறது மூன்றாம் பிரிவு. நியாயம்தானே, அத்தை பேரப்பிள்ளை படத்தை அனுப்புவதற்கு அனுமதி வாங்க முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். ஆனால் வீடு என்று சொன்னவுடன் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் கட்டாயம் என்கிறது ஒன்பதாம் பிரிவு. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வீட்டில் நடக்கும் வன்முறையைச் சொல்ல ஓர் இடம் தேடினால், அந்த வாசலின் சாவி வீட்டாரிடமே கொடுக்கப்பட்டிருக்கிறது.

இது புதிய பழக்கமல்ல. சேர்ந்து வாழும்படி மனைவிக்கு உத்தரவிடும் இந்துத் திருமணச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு அந்தரங்கத்துக்கு எதிரானது, செல்லாது என்று 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது. தில்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அரசியல் சட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது பீங்கான் கடைக்குள் காளையை விடுவது போலாகும் என்றது. 1984இல் உச்ச நீதிமன்றமும் பிரிவு செல்லும் என்று முடித்துவைத்தது. பீங்கான் கடை என்ற உவமையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அந்தக் கடையில் உடைந்துகொண்டே இருப்பது யார் என்று அந்த நீதிபதிக்குத் தோன்றவில்லை.

நம் பக்கத்து வழக்கு ஒன்று. பரமக்குடி நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்ட ஒரு கணவர், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவருடைய அலைபேசி அழைப்புப் பட்டியலைச் சாட்சியமாகத் தாக்கல் செய்தார். பேச்சின் பதிவு அல்ல, பட்டியல். யாருடன், எப்போது, எவ்வளவு நேரம். 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கணவன் மனைவிக்கிடையிலும் அந்தரங்கம் உண்டு, அதை மீறி எடுத்த சாட்சியம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தமிழில் பரவலாகப் படிக்கப்பட்டிருக்க வேண்டிய தீர்ப்பு. ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 2025 ஜூலையில், பஞ்சாபிலிருந்து வந்த இன்னொரு வழக்கில், ரகசியமாகப் பதிவுசெய்த தம்பதியர் பேச்சை மணவழக்குகளில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஒருவரையொருவர் வேவு பார்க்கும் கட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த மணவாழ்வு ஏற்கனவே முறிந்துவிட்டது என்பதாக அதன் தர்க்கம். வேவு பார்த்துக்கொண்டே முறியாமல் நடக்கும் மணவாழ்வுகளை நீதிபதிகள் பார்த்ததில்லை போலும். எங்கள் தெருவில் காட்டுகிறேன்.

இதையெல்லாம் படித்த வர்க்கத்தின் மனக்கஷ்டம் என்று ஒதுக்கிவிட நினைப்பவர்கள் பொள்ளாச்சியை நினைத்துக்கொள்ளட்டும். 2019இல் வெளிவந்த அந்தக் கொடுமையில், சமூக ஊடகம் வழியாகப் பழகி, வரவழைத்து, வன்முறை செய்து, படமெடுத்து மிரட்டினார்கள். எதைக் காட்டி மிரட்டினார்கள்? வெளியே விட்டுவிடுவோம் என்று. படம் போலீசுக்குப் போகும் என்று எந்தப் பெண்ணையும் மிரட்ட முடியாது. போலீசுக்குப் போனால் மாட்டப்போவது மிரட்டியவன்தானே. வீட்டுக்குப் போகும் என்று மிரட்டலாம். அந்த மிரட்டலுக்கு வலுவைக் கொடுத்தது குற்றவாளியின் கையிலிருந்த கருவி அல்ல, வீட்டைப் பற்றிய பயம். புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல்துறை அதிகாரியின் பேட்டியும் அரசாணையும் வெளிப்படுத்தின. அதற்காக இருபத்தைந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது கோவை மகளிர் நீதிமன்றம். ஆறு ஆண்டுகள் உறுதியாக நின்று சாட்சி சொன்ன அந்தப் பெண்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். அவர்களில் எத்தனை பேரால் அதை வீட்டில் சொல்ல முடிந்தது என்பதைப் பற்றி மட்டும் நாம் ஒன்றும் எழுதவில்லை.

சரி, அப்படியானால் குடும்பத்தையும் வாட்ஸப்பையும் ஒருசேர உதறிவிட்டுப் போவதுதானே? போகலாம். போகச் சொல்கிறவருக்கு இழப்பதற்கு யாரும் இல்லையென்றால். வீட்டார் தாமாகவே கூப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆண் நண்பர்கள் இதை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 2019 ஆகஸ்ட் 5 அன்று காஷ்மீரில் தொலைபேசியும் இணையமும் அறுக்கப்பட்டன. தில்லியிலும் வெளிநாடுகளிலும் இருந்த பிள்ளைகள், தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் வாரக்கணக்கில் தவித்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் இன்னொன்று நடந்தது. 120 நாட்கள் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கிவிடுவது வாட்ஸப்பின் விதி. அது தன்பாட்டுக்கு வேலைசெய்தது. ஆயிரம் மைல் தள்ளியிருந்தவர்களின் அலைபேசியில், குடும்பக் குழுக்களிலிருந்து அப்பாவும் அக்காவும் ஒவ்வொருவராக 'வெளியேறினார்' என்று அறிவிப்பு வந்தது. யாரும் வெளியேறவில்லை. அரசு கழுத்தை நெரித்தது, கம்பெனி இறப்புச் சான்றிதழ் கொடுத்தது. வெளியேறுவதை ஒரு அரசியல் நடவடிக்கையாகப் பேசுகிறவர்கள், வெளியேற்றப்படுவது என்றால் என்னவென்று அவர்களிடம் கேட்க வேண்டும்.

ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வளைகுடா போனவர்களின் வீடுகளில் ஒலிநாடாவில் பேசி அனுப்பிய காலம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் அவர் பேசியது, மறுபக்கத்தில் இவள் பேசித் திருப்பி அனுப்புவாள். மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருக்க இவள் என்னத்தைப் பேசியிருக்க முடியும்? அமீரகத்தில் வாட்ஸப் வழிப் பேச்சுக்குப் பல ஆண்டுகளாகத் தடை இருந்துவந்திருக்கிறது, அரசு அனுமதித்த செயலிகளில்தான் பேச வேண்டும். கண்காணிக்கப்படும் குழாய் என்று தெரிந்தேதான் அதில் பேசுகிறார்கள். அவளைப் பார்த்து உனக்கு அந்தரங்க உணர்வு இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. பேசாமல் இருப்பதைவிட ஒட்டுக்கேட்கப்பட்டுப் பேசுவது மேல் என்பது அவளுடைய தேர்வு. அவளுக்கு வேறு தேர்வு கொடுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கம்பெனிக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தன்னிஷ்டத்துக்குக் குழுவில் சேர்ப்பதைத் தடுக்கும் ஏற்பாடு 2019இல் வந்தது, மறையும் செய்தி 2020இல், குறிப்பிட்ட உரையாடலைப் பூட்டிவைக்கும் வசதி 2023இல். இவை யாரிடமிருந்து மறைப்பதற்கு? அலைபேசியைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடியவரிடமிருந்து. கணவர், அண்ணன், அம்மா. வீட்டாரிடமிருந்து நம்மைக் காப்பாற்றும் பூட்டை நமக்குக் கொடுத்துவிட்டு, அந்த நன்றியில் நாம் கம்பெனியின் கையைக் கவனிக்காமல் இருக்கிறோம். நான் அந்தப் பூட்டைப் பயன்படுத்துகிறேன். பயன்படுத்தும் ஒவ்வொரு தடவையும் எரிச்சலாகவும் ஆறுதலாகவும் இருக்கிறது. 2021 கொள்கை மாற்றத்துக்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஓராண்டு கழித்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை ஏற்று, விளம்பரத்துக்காகத் தகவல் பகிர ஐந்தாண்டுகள் விதித்திருந்த தடையை நீக்கிவிட்டது. அபராதம் அவர்களுக்குக் கைச்செலவு. தடைதான் வலித்திருக்கும்.

ஹெல்மெட் விஷயம் வெடித்த பிறகு நான் ஊருக்குப் போக முடியவில்லை. குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். இதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இற்செறிப்பு எனக்கு நடக்கவில்லை, நான் வெளியூரில் சம்பாதிக்கிறவள். அம்மாவுக்கு நடந்தது. நான் வாங்கிக் கொடுத்திருந்த அலைபேசியைத் தம்பி வாங்கி வைத்துக்கொண்டான். ஐம்பத்தெட்டு வயதில், தீப்பெட்டி ஆபீசில் வாரக்கூலி வாங்கும் ஒரு மனுஷி, சொந்த மகளோடு பேசிவிடுவாள் என்று காவலில் வைக்கப்பட்டாள். என்னை மணந்தவருக்கு வந்த மிரட்டல்களை இங்கே எழுதப்போவதில்லை.

எட்டு மாதம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஆபீசில் கூட வேலைசெய்யும் ஒரு மதினியின் அலைபேசி. 'நாந்தான் பேசுறேன்' என்று தொடங்கி ஒன்றே முக்கால் நிமிஷம். பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம். ஆடு குட்டி போட்டது, முட்டுவலி, மழை இல்லை. 'அவருக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டேன், தேவலையா?' என் பெயரையோ அவர் பெயரையோ ஓரிடத்திலும் சொல்லவில்லை. மதினியின் புருஷன் கேட்டுவிட்டால்? ஊர்ப் பெயரும் இல்லை. கடைசியில், 'கேட்டதும் அழிச்சிரு.' வாரம் ஒருமுறை, சம்பளம் போடும் சனிக்கிழமை சாயங்காலம், இப்படி வருகிறது. நானும் பதில் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் அழித்துவிடுகிறேன். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, சனிக்கிழமைதோறும் எத்தனை மணிக்கு என்பது எங்கேயோ ஓர் இடத்தில் இருக்கும். அம்மாவிடம் இதை விளக்க முயன்றேன். 'அந்தக் கம்பெனிக்காரன் நம்ம ஊருக்கா வந்து சொல்லப்போறான்?' என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒருவேளை அவன் வந்து சொல்லத் தேவையில்லாதபடி, மதினியின் எண்ணும் என் எண்ணும் யாருக்கோ 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று ஒருநாள் போய் நிற்கலாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை, பயந்து நிறுத்திவிடுவாள்.

மதினியின் அலைபேசியில் என் எண் 'சேலைக்காரர்' என்ற பெயரில் இருக்கிறதாம்.